பட்டறையில் சொன்ன பேச்சு

என் மனைவிக்கு வயிற்றுவலி எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார்.

"நேத்துலேர்ந்துதான்," என்றேன்.

"நாலு மாசமா," என்றாள் அவள்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையாம்மா?"

"இவர்கிட்டயா? பட்டறை பூரா தண்டோரா போட்டுடுவாரு, டாக்டர்."

டாக்டர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கல்யாணமான புதிதில், பதினைந்து வயதுவரை தூக்கத்தில் பாயை நனைத்ததை என்னிடம் மட்டும் சொன்னாள். நான் அதை வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையில் சிரிப்புக்காக அவிழ்த்துவிட்டேன். மறுவாரமே கூட வேலை செய்யும் ஒருத்தன் பெண்டாட்டி அவளிடம், "இப்ப பாய் காயுதா?" என்று கேட்டாள். எவனையும் நம்பாத ஆள் நான். என்னைத்தான் அவள் நம்பியிருக்கக் கூடாது.

"வேற என்னம்மா பண்ணுது?" என்றார் டாக்டர்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"நீ சொல்லு," என்று எழுந்து வெளியே போய், கதவை நானே சாத்தினேன்.