நைருதி மூலைக் கிணறு

குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த என் வீட்டுக்காரர் நாகையா, மறுவாரமே திருப்பதியிலிருந்து ஒரு வாஸ்துக்காரரைக் காரில் கூட்டிவந்தார். அந்த ஆள் வீட்டைச் சுற்றி நடந்து, பின்பக்கத்துக் கிணற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தென்மேற்குல, நைருதி மூலைல கிணறு. எஜமானுக்கு ஆகாது. மூடிட்டுத்தான் கட்டணும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. எங்கள் வீடு முதலில் வெறும் மோட்டார் கொட்டகைதான். கவர்மெண்டு கொடுத்த நிலத்தில் கிணறு வெட்டி, கொட்டகை போட்டு, அதன் முன்னால் இரண்டு அறை கட்டிக் காலனியிலிருந்து குடிவந்தோம். அந்த அறைகளைத்தான் இப்போது மாடியும் போர்ட்டிகோவுமாகப் பெரிதாக்கப் போகிறாராம். தாராளமாகக் கட்டட்டும். ஆனால் அவர் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தக்காளி போட்டவள் நான். பக்கத்துக் கழனி வீராசாமி போர் போட்டபோது புழுதிதான் வந்தது.

"கிணத்த மூடிட்டா பயிருக்கு இன்னாத்த ஊத்தறது?" என்றேன்.

"பயிரு இனிமே எதுக்கு செங்கம்மா? அங்க என் காலு ஒடஞ்சதே இந்தக் கிணத்தாலதானாம்."

"ஆமா, இது ஏரோப்ளேன் ஏறிக்கினு வந்து உன் கால ஒடச்சுது."

மறுநாள் பழைய சுவர்களை இடித்த கல்லும் மண்ணுமாக டிராக்டர் ரிவர்ஸில் கிணற்றை நோக்கி வந்தது. நான் போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன்.

"கொட்டு. என்னியும் சேத்து கொட்டு."

டிரைவர் வண்டியை அணைத்துவிட்டான். வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி ஏகாம்பரம்தான் நடுவில் வந்தார். "குறுக்கால ஒரு செவுரு எழுப்பிட்டா கிணறு வேற எடம், வீடு வேற எடம். தோஷம் இல்ல. நெறைய பேரு அப்டித்தான் பண்றாங்கோ."

போனில் கேட்டதற்கு வாஸ்துக்காரரும் சரியென்றார். ஆனால் அந்தச் சுவரில் வாசல் வைக்கக் கூடாதாம்.

ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழும்பியது. கிணறும் கொட்டகையும் அந்தப் பக்கம் போய்விட்டன. மோட்டார் போட வேண்டுமென்றால் தெருவுக்குப் போய், வீராசாமி வரப்பைச் சுற்றி வரவேண்டும். ஒரு சின்னக் கதவாவது வையென்று கேட்டேன்.

"சுத்திக்கினு போயேன், இன்னா இப்போ?" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் என் கட்டிலையும் சட்டிபானையையும் கொட்டகைக்குத் தூக்கிப் போனேன். விடிந்ததும் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது. ஏதோ ஸ்டூலில் ஏறி நின்றார்போல.

"பால் காய்ச்ச அய்யரு உன்னக் கேக்கறாரு. நகரிலேர்ந்து ஜனமெல்லாம் வந்துகினு இருக்குது. மானத்த வாங்காத."

"நான் இங்கியே இருக்கறேன்னு சொல்லு."

"எப்போ வீட்டுக்கு வருவ?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். "இத்தினி வருசம் குவைத்துல இருந்தியே, இந்தக் கேள்விய நான் கேட்டப்பல்லாம் நீ இன்னா சொன்ன?"