மண்ணுக்குள் போன கிட்டார்

என் புருஷன் பீம்ராவ் செத்தபோது யாரும் என் வளையலை உடைக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. வியாசர்பாடியில் எங்கள் தெருவில் அந்த வழக்கத்தையெல்லாம் என் மாமனார் காலத்திலேயே தூக்கிப் போட்டாயிற்று. பஞ்சசீலம் சொல்லி, மெழுகுவத்தி ஏற்றி, கௌரவமாகத்தான் எடுத்துப் போனார்கள். பெண்கள் வரக்கூடாது என்பதும் எங்களிடம் கிடையாது என்பதால் நானும் குழி வரைக்கும் போனேன். உடலை இறக்கும் நேரத்தில் யாரோ கிட்டாரைக் கொண்டுவந்துவிட்டார்கள். "அண்ணன் பாட்டுக்கு வாசிச்சது, அவரோடயே போவட்டும்" என்று ஒரு குரல் சொன்னது. கை மாறிக் கை மாறி, கடைசியாக எங்கள் பாட்டுக் குழுவில் டோலக் வாசிக்கும் ஷாரிக் கைக்கு வந்து, அவன் தேம்பிக்கொண்டே அதை என் புருஷன் நெஞ்சின்மேல் வைத்தான்.

பாடினது பீம்ராவ். கிட்டார் என்னுடையது. இருபது வருஷமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது நான். ஒரு தடவை அதைச் சும்மா மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தான்; கண்ணீர் அஞ்சலி பேனரில் அந்தப் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து ஊரே அது அவனுடையது என்று முடிவு கட்டிவிட்டது. அவனுக்கு அதில் ஒரு கார்டு பிடிக்கத் தெரியாது! வளையலை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டார்களே என்று நான் அங்கேயே கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. முதல் பிடி மண் விழுந்தபோது தந்திகள் லேசாகச் சத்தம் போட்டன. அதற்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்றும் ஆகவில்லை. சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள், நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, தொட்டால் இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை, அந்த மாதிரி இருந்தது உடம்பு முழுக்க.

ஏப்ரல் பதினாலு ஜெயந்தி மேடைக்குக் குழு கூடிப் பேசியது. பீம்ராவ் இடத்தில் அவன் தங்கை ரமாபாய் பாடுவது என்று முடிவாயிற்று. கிட்டாருக்கு என்ன செய்வது என்று வந்தபோது ஒருத்தர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அண்ணி பாவம், அதுகிட்ட போயி வாசின்னு கேக்கறதா? கீபோர்டு வச்சிக்கலாம். அண்ணிய முன்னாடி உக்கார வச்சி ஒரு சால்வ போத்திடலாம்."

"நான் வாசிக்கிறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள கிட்டாரு வாங்கிட்றேன்" என்றேன். தைரியமும் இல்லை, ஆசையும் இல்லை, பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. ஆனால் சொன்னபின் புரிந்தது. வாங்காமல் திரும்பினால் முன்வரிசை நாற்காலி, சால்வை, அதற்கப்புறம் ஆயுசுக்கும் நான் மறைந்த பாடகரின் மனைவி. அதைவிட என்னையும் அந்தக் குழியிலேயே இறக்கியிருக்கலாம்.

ஞாயிறு காலை ஷாரிக் ஆட்டோ கொண்டுவந்தான். குழியில் கிட்டாரை வைத்த கை அது என்பதால் ஒரு மாதமாக அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. "அண்ணி, இன்னிக்கு சவாரி ஓட்டல. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல" என்று கண்ணாடியிடம் சொன்னான். ரமாபாயும் ஏறிக்கொண்டாள். கிட்டார் கைக்கு வந்ததும் அங்கேயே ஒரு பாட்டுப் பாடிப் பார்த்துவிடலாம் என்று அவளுக்கு அவசரம்.

ராயபுரத்தில் ஜெபசிங் அண்ணன் கடை மாடியில் இருக்கிறது. கீழே மீன் ஐஸ் வண்டி நிற்கும் சந்து, மேலே பழைய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பிரித்துப் போட்ட அறை. மாதா கோயில் பாட்டுக் குழுக்களும் கல்யாண பேண்டுகளும் கழித்துக் கட்டிய கிட்டார்களை வாங்கிச் சரிசெய்து விற்பார். நல்லதும் வரும், குப்பையும் வரும், கண்ணும் காதும் உள்ளவர்கள் பொறுக்கிக்கொள்ள வேண்டும். "மாயா, நீயே பாத்துக்கம்மா, உனக்கு நான் இன்னா சொல்றது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே சால்டரிங் வேலைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கிட்டார் பார்க்கத் தெரியும். பளபளப்பைப் பார்க்க மாட்டேன், பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் கழுத்தை நீளவாக்கில் பார்ப்பேன். இந்தக் கடல் காற்றில் எந்தக் கழுத்தும் கொஞ்சம் வளையாமல் இருக்காது. தந்திகளைக் கட்டியிருக்கும் பாலம் பின்பக்கம் எழும்பியிருக்கிறதா என்று நகத்தை விட்டுப் பார்ப்பேன். ஓட்டையின் விளிம்பில் மரத்தின் ரேகை மேலிருந்து கீழ் வரை ஓடுகிறதா, இல்லை பிளைவுட் அடுக்கு தெரிகிறதா என்று மொபைல் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அப்புறம்தான் சுருதி சேர்ப்பது. கடைக் கிட்டார் எதுவும் சுருதியில் இருக்காது. அதற்கு மெஷின் வைத்திருக்கிறார்கள், எனக்கு என் காது போதும். சேர்த்தபின் ஒவ்வொரு தந்தியையும் கழுத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி மீட்டிக் கேட்பேன். கடைசியாக, முதுகை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஒரு கார்டு அடிப்பேன். நல்ல கிட்டார் வயிற்றில் அதிரும். அது பொய் சொல்லாது.

முதல் கிட்டார் பிளைவுட். தூர வைத்தேன். இரண்டாவதில் மேல்மரம் முழு மரம், கழுத்து நேர். சுருதி சேர்த்து மீட்டினேன். தந்தி கட்டத்தின் குறுக்குக் கம்பியில் மோதிக் கிர்ரென்று இரைந்தது. அடுத்தது ஓட்டையின் பக்கத்தில் நீளமாய் ஒரு கீறல் விழுந்த பழுப்பு நிறக் கிட்டார். பார்த்ததும் கை நீண்டது, மரம் அப்படி. சேர்த்தேன், மீட்டினேன், அதுவும் இரைந்தது. அதற்கடுத்ததும் இரைந்தது.

"அண்ணே, எல்லாம் இரையுது."

"இரையாதேம்மா. நேத்து தான் எல்லாத்தையும் பாத்து வச்சேன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அப்ப என் காதுல கோளாறா?"

"கோச்சிக்காத. வேற எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் சேர்த்து, மீட்டி, தள்ளி வைத்தேன். வயிற்றோடு அணைத்தபோது எதுவும் அதிரவில்லை. ஒருவேளை அதிர்ந்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. பெஞ்சு நிறையக் கிட்டார்கள் படுத்திருந்தன. ஷாரிக் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான். சரி, கீபோர்டே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நினைத்ததில் வருத்தம்கூட இல்லை, கால் வலிக்கிறது, உட்கார்ந்துவிடலாம் என்கிற மாதிரி ஒரு எண்ணம்.

"போலாம் ரமா. ஒண்ணும் சரியில்ல."

"இன்னா அண்ணி அதுக்குள்ள? அந்தக் கீறல் வுழுந்தத எடு. இரைஞ்சா இரையட்டும். ஒரு பாட்டு பாடிப் பாத்துட்டுப் போலாம், இவ்ளோ தூரம் வந்துகினு."

எடுத்தேன். பீம்ராவ் எழுதின பாட்டுதான், எங்கள் மேடையில் எப்போதும் முதல் பாட்டு. விரல்கள் தாமாக இடம் பிடித்தன. ரமாபாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மழையில நனஞ்ச புத்தகத்த
அடுப்பாண்ட காயவச்சா எங்கம்மா..."

முதல் வரி முடிவதற்குள் அவள் குரல் கீழே போய்க் காற்றாகிவிட்டது. நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள், மேல் ஸ்தாயியில். அது கத்தலாகிவிட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் விரல்களைப் பார்த்தாள், தந்திகளைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக என் கையின்மேல் கை வைத்தாள்.

"அண்ணி. இது அண்ணன் சுதி."

நான் கடைசித் தந்தியை மீட்டினேன். ஆமாம். அது அவன்தான். துறைமுக யார்டு வேலையில் கன்டெய்னர் லாரிகளை ஒழுங்கு பண்ணிக் கத்திக் கத்தி அவன் தொண்டை கம்மிப்போனது. அதற்குத் தக்க எத்தனையோ வருஷத்துக்கு முன்பே நான் தந்திகளையெல்லாம் தளர்த்தி இறக்கிக்கொண்டேன். அவன் "ஆ" என்று ஒரு இழுப்பு இழுப்பான், அதுதான் எனக்கு மெஷின். தளர்ந்த தந்தி எந்தக் கிட்டாரிலும் இரையும், ஒரு வருஷம் வாசித்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. என் பழைய கிட்டாருக்கு அதற்காகவே தடித்த தந்தி போட்டு வைத்திருந்தேன். காது போதும் என்று பெருமை அடித்துக்கொண்டேனே, அந்தக் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு அவன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குத்தான் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பாட வாய் இல்லை.

ஜெபசிங் அண்ணன் வெளியே வந்து ஒவ்வொரு கிட்டாரிலும் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். "இன்னாம்மா, எல்லாத்தையும் இறக்கி வுட்டுட்டே?" என்றார். பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே குரல். கடை முழுக்க அவன் நின்றான்.

வயிற்றில்தான் முதலில் வந்தது. கிட்டார் அதிரவேண்டிய இடத்தில். சத்தமாக அழுதேன், அசிங்கமாக, மூக்கு ஒழுக. ரமாபாய் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், அவளும் அழுதாள். ஜெபசிங் அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"சுதி குடு ரமா" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவள் தன் குரலில் ஒரு இழுப்பு இழுத்தாள். நான் கீறல் விழுந்த கிட்டாரின் முறுக்காணியைத் திருகினேன். தந்தி ஏறியது, அவனை விட்டு மேலே மேலே ஏறி அவள் குரலில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு கட்டமாக அழுத்தினேன். எங்கேயும் இரையவில்லை. அணைத்துக்கொண்டு ஒரு கார்டு அடித்தேன். அதிர்ந்தது.

"இத்த எடுத்துக்கறேண்ணே."

"சரிம்மா. மத்ததெல்லாம் வுடு, நான் மெஷின வச்சி ஏத்திக்கறேன்."

"வோணாம். நானே ஏத்திட்றேன்."

ஏப்ரல் வெயிலில் ஷாரிக்கின் ஆட்டோ சந்தில் காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்து, ஒவ்வொரு தந்தியாக ஏற்றினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிக் கிட்டாரின் கடைசித் தந்தியை மட்டும் ஏற்றுமுன் ஒருமுறை மீட்டினேன். கரகரப்பாக, அவனாக ஒலித்தது. ஓசை முழுக்க அடங்கும் வரை கேட்டேன். அப்புறம் அதையும் ஏற்றினேன்.