நடுக்கோடு இல்லாத மாத்திரை

என் வேலையே சந்தேகப்படுவதுதான். மாத்திரைத் தொழிற்சாலையில் ஓடும் பட்டையின் முன் உட்கார்ந்து உடைசல், கறை, மூளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி எறிவேன். அதனால் என் படுக்கையறை டப்பாவிலிருந்த மாத்திரைகளில், பாதியாக உடைப்பதற்கென்று இருக்கும் நடுக்கோடு காணாமல் போனதும் சுருக்கென்றது.

குழந்தைக்கான சிகிச்சையில் இரண்டு முறை எடுத்த கருமுட்டையும் தேறவில்லை. மூன்றாவது முயற்சிதான் கடைசி. அதற்கு முன்னால் டாக்டர் மெலடோனின் எழுதிக் கொடுத்திருந்தார். "இருட்டானா நம்ம உடம்பே சுரக்கற ஹார்மோன்தாங்க. தூக்கத்துக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. நறுக்கின ஆப்பிள் கறுத்துப்போகுதுல்ல? அந்த மாதிரி சேதம் முட்டையிலயும் நடக்கும். அதை இது தடுக்கலாம். குழந்தை உறுதின்னு சொல்ல மாட்டேன், முட்டை தேற வாய்ப்பிருக்கு."

என் சந்தேகம் நேராக அண்ணி மேல் பாய்ந்தது. கணவரின் அக்கா. உதவிக்கென்று வந்து, மூட்டை முடிச்சோடு தங்கிவிட்டவர். "கடவுள் குடுக்காததையா மாத்திரை குடுத்துடப்போவுது?" என்று வந்த அன்றே திருவாய் மலர்ந்தவர். நான் குளிக்கப் போனால் போதும், படுக்கையறையைப் பெருக்குவார். பெருக்கிய அறையையே மறுபடியும் பெருக்குவார். யாருக்குக் காது குத்துகிறார்?

ஒரு மாலை, கணவரும் வீட்டிலிருந்தபோது, டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன்.

"இதுல கோடு எங்க அண்ணி?"

"எந்தக் கோடு?"

"நடிக்காதீங்க. என் மாத்திரைய என்ன பண்ணீங்க?"

"நான் எதுக்கு உன் மாத்திரைய..." என்று சீறிய அண்ணி, தம்பியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என் கணவர் பேயறைந்தவர் போல நின்றிருந்தார்.

"நான்தான் மாத்தினேன். அது வெறும் சத்து மாத்திரை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த ஒரே வாய்ப்பு, அதிலும் மண்ணள்ளிப் போட்டது கட்டிய கணவரே!

"குழந்தை வேணாம்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"வேணும். நீயும் வேணும்." அவர் குரல் உடைந்தது. "எங்கம்மா தூக்க மாத்திரை சாப்பிட்டுத்தான் போனாங்க."

மாமியார் மாரடைப்பில் போனதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அண்ணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"காலையில எழுப்பப் போனது நான்தான். இப்பவும் பெருக்கற சாக்குல உன் டப்பாவ எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். திடீர்னு கொறஞ்சிடுமோன்னு பயம்."

மறுநாள் கணவரை டாக்டரிடம் இழுத்துப் போனேன். இது அந்த மாத்திரை இல்லை, அந்த ஆபத்தும் இதில் இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முட்டை எடுக்கும் தேதி தள்ளிப்போனது. ஒளித்து வைத்திருந்த மாத்திரைகளை வீட்டுக்கு வந்ததும் அவரே என்னிடம் கொடுத்தார்.

அன்று படுக்கப் போகும்போது ஒன்றை விழுங்கிவிட்டு விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் மூக்கருகே அவர் விரல் வந்து நின்றது.

"உயிரோடதான் இருக்கேன். படுங்க."

விரல் போய்விட்டது. மறுபடியும் வந்தபோது நான் தூங்கவில்லை. தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு, அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விட்டேன்.