மூன்றாம் தண்ணீர்

கலாராணியின் கழுத்து நிமிர மறுத்தது. கூடையைக் கழற்றி இஸ்தோப்புத் திண்ணையில் கவிழ்த்து வெகுநேரம் ஆகியும், கயிறு இன்னும் நெற்றியை இழுப்பது போலவே தலை முன்னால் சாய்ந்து நின்றது. வலது தோளில் யாரோ தேயிலை மட்டம் பார்க்கும் மட்டக்கம்பால் குத்துவது போல இருந்தது. அடுப்பில் ரொட்டியைத் திருப்பக் கையைத் தூக்கினாள். பாதியில் கை கீழே விழுந்தது. இடது கையால் திருப்பினாள். இரண்டு ஆள் கொழுந்தை ஒரு உடம்பு எடுத்தால் வேறு எப்படி இருக்கும்?

ஒன்று அவளுடைய பேருக்கு, அன்றைய நாட்சம்பளத்துக்கு. மற்றது பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் தவமலரின் பேருக்கு. தவமலர் அன்று வெள்ளனவே மாமியாரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போவதாகச் சொல்லிப் போயிருந்தாள். "ஒரு பேரு போச்சுன்னா இந்த மாசம் ஒப்பேத்த முடியாது கலா" என்று முந்தின நாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொன்னபோது, கலாராணி யோசிக்கவே இல்லை. "நீ போய்ட்டு வாக்கா. ஒன் கூடைய நான் நெரப்புறேன்." தராசடியில் கங்காணி கந்தப்பன் இரண்டு கூடையையும் பார்த்தார், ஒரு ஆளைப் பார்த்தார். "தவத்தோட கூடைக்கு காலு மொளைச்சிருச்சா? தானா நடந்து வந்திருக்கு" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவர் நமுனுகுல மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு பேரையும் எழுதினார். தோட்டத்தில் இதெல்லாம் நடப்பதுதான்.

தவமலருக்குக் கூடை நிரப்புவது கலாராணிக்கு உதவி என்று தோன்றியதில்லை. கைமாறு என்றே தோன்றியது. பள்ளிக்கூடச் செய்தி எல்லாம் இப்போது போனில்தான் வருகிறது. மூன்றாம் வகுப்பு ஜெனீரா டீச்சர் பதுளை டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பெற்றோருக்கென்று ஒரு வாட்சப் குரூப் வைத்து, எழுதினால் பாதிப் பேர் வாசிக்க மாட்டார்கள் என்று குரலிலேயே பேசி அனுப்புவார். கலாராணியிடம் இருந்தது பட்டன் போன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கும் கணவன் ரமேஸ் நல்ல போன் வாங்கித் தருவதாகச் சொல்லி இரண்டு தீபாவளி போய்விட்டது. அவர்கள் லயத்து வீட்டு வரிசையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர்தான்: அவள் மகள் விதுஷா, தவமலரின் மகள் டிலுக்‌ஷி. அதனால் ஒரு போன் இரண்டு பிள்ளைக்கும் போதும் என்று ஆகிப்போனது.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு கலைந்து மலையேறியதும் தவமலர் செய்தி வாசிப்பாள். கை கொழுந்தைக் கிள்ளும், வாய் ஜெனீரா டீச்சராகிவிடும். "அன்பான பெற்றோரே, நாளைக்கு பிள்ளைகள்ட கையில காய்ஞ்ச இலை அஞ்சு, மஞ்சப் பூ ஒண்டு கொடுத்து விடுங்கோ. பிளாஸ்டிக் பூ வேணாம், போன தடவை மூணு பேர் அதத்தான் கொண்டு வந்தீங்க!" மூக்கைச் சுருக்கி அவள் சொல்லும்போது கீழ் நிரை வரைக்கும் சிரிப்பு போகும். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, டீச்சர் என்றாலே கலாராணிக்குத் தவமலரின் முகம்தான் நினைவுக்கு வரும். கூட்டம் என்றால் தவமலர் போவாள், கலாராணி இரண்டு கூடை நிரப்புவாள். பிள்ளை என்ன படிக்கிறது, எதைக் கொண்டுபோக வேண்டும், எப்போது லீவு எல்லாமே தவமலர் வாயிலிருந்துதான். ஒரு நாளும் ஒன்று தவறியதில்லை.

விதுஷாவைத் தமிழ்த் தினப் போட்டிக்கு, பாவோதலுக்கு, எடுத்திருக்கிறார்கள் என்பதையும் தவமலர்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததில் விதுஷா முதலாவது, டிலுக்‌ஷி இரண்டாவது. இனி பதுளையில் வலயப் போட்டி. "ஒம்மக வாயத் தொறந்தா மழை வருதாம்டி, டீச்சர் சொல்றா" என்றாள். மழையைப் பற்றிய பாட்டு அது. விதுஷா அதை அடுப்படியில் சொன்னாள், பீலியில் சொன்னாள், ஆட்டுக்குட்டிக்குச் சொன்னாள். "இடி" என்ற இடத்தில் காலைத் தரையில் அடித்து பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த குழந்தையை அழ வைத்தாள்.

அப்போதுதான் விதுஷாவுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, கலாராணி மகளோடு உள்ளே உட்கார்ந்தாள். அம்மாள் வந்த வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள். தவமலர் வந்தாள். "எனக்கு சின்னதுலயே போட்டு எறங்கிருச்சு, ஆத்தா என்னைய ஒண்ணும் பண்ண மாட்டா" என்று வேப்பிலை அரைத்தாள், மஞ்சள் அரைத்தாள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர், மூன்றும் அவள் கைதான் ஊற்றியது. மூன்றாம் தண்ணீர் போன செவ்வாய்க்கிழமை. வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீரைப் பிள்ளையின் தலையில் ஊற்றிவிட்டு, "முடிஞ்சிருச்சுடி தங்கம். இனி நீ வாசல் தாண்டலாம், மலை தாண்டலாம்" என்று தவமலர் அவள் ஈரத் தலையை முகர்ந்தாள்.

"போட்டி என்னைக்குக்கா?" என்று அன்றைக்கே கலாராணி கேட்டாள்.

மறுநாள் நிரையில் பதில் வந்தது. "தள்ளிப் போட்டுட்டாங்களாம். மண்சரிவு எச்சரிக்கையாம். ரோட்டுல புள்ளைகள ஏத்திக்கிட்டு போக முடியாதுன்னு டீச்சர் சொல்லிட்டா."

கலாராணி மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சின்னம்மா மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவள். மண்சரிவு என்றால் அந்த மலையில் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. "புள்ளைய திங்கக்கெழமையே அனுப்பு, உடம்பு தேறட்டும்" என்று தவமலர் சொன்னதும் சரியாகவே பட்டது.

திங்கட்கிழமை விதுஷா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பின்னேரம் கலாராணி மலையிலிருந்து இறங்கியபோது பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பசிக்கலயா?"

விதுஷாவின் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் புதுத் தழும்புகள் இருந்தன. நெற்றியில் ஒன்று கொஞ்சம் பெரியது. அதை விரலால் மூடிப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி மூடினாள்.

"அம்மா, மூஞ்சியில ஓட்டை இருந்தா மேடையில ஏத்த மாட்டாங்களா?"

"யாரு சொன்னா?"

"டிலுக்‌ஷிக்கு பதுளையில ரெண்டாவது எடம். காலக்கூட்டத்துல கைதட்டுனாங்க. எம்பாட்டத்தான் சொல்லிருக்கா." கண்ணாடியைப் பார்த்தபடியே, "நானும் கைதட்டுனேன்" என்றாள்.

கலாராணிக்கு முதலில் விளங்கவே இல்லை. தள்ளிப் போட்ட போட்டிக்கு எப்படிப் பரிசு? "எப்ப நடந்துச்சு?" "வெள்ளிக்கெழமை." தோள் வலி அப்போதும் போகவில்லை. வெள்ளிக்கிழமைதான் பதுளைக்குப் போன தவமலரின் கூடையை அவள் நிரப்பினாள். நினைப்பு அங்கே போய் முட்டி நின்றது. அதைத் தாண்ட அவள் விடவில்லை. டீச்சர்தான் ஏதோ செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. டவுன்காரி. லயத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணியிருப்பாள்.

மறுநாள் பெரட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். மலைக்குப் போகிற பழைய சட்டையை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போனாள்.

ஜெனீரா டீச்சர் அவளைக் கண்டதும் எழுந்து வந்தார். "விதுஷாட அம்மாவா? இப்பதான் நேர்ல காண்றேன். பிள்ளை போக ஏலாம போனது எனக்கும் மிச்சம் கவலை."

"ஏலாமப் போச்சா? நீங்கதானே டீச்சர் கூட்டிட்டு போகல? எம்புள்ள மூஞ்சி ஒங்களுக்கு ஆகலயா?"

"யா அல்லாஹ். யார் அப்படிச் சொன்னது? நான் புதன்கிழமை கேட்டேன் தானே. ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம் கேட்டேன்." கையிலிருந்த போனில் எதையோ மேலே தள்ளித் தேடினார். முதலில் வந்தது டீச்சரின் குரல்: "விதுஷாட அம்மாவுக்கு கட்டாயம் சொல்லிருங்க, வெள்ளிக்கிழமை காலையில வேன் வருது. பிள்ளைக்கு சுகம்னா அவதான் போகணும். அவ வராட்டித்தான் டிலுக்‌ஷி." அதற்குப் பிறகு பதில்.

"டீச்சர், கலாகிட்ட பேசிட்டேன். புள்ளைக்கு இன்னும் மூணாவது தண்ணி ஊத்தல. தண்ணி ஊத்தாம வாசல் தாண்டுனா ஆத்தாவுக்கு ஆகாதுங்க டீச்சர். கலா அழுவுது பாவம். நீங்க போன் பண்ணி கேட்டுறாதீங்க, அது இன்னும் ஒடைஞ்சு போயிரும்."

அதே குரல். மஞ்சள் அரைத்தபோது பேசிய குரல், ஈரத் தலையை முகர்ந்தபோது பேசிய குரல். எந்த இடத்திலும் தடுமாறவில்லை. அந்தப் 'பாவம்' என்ற சொல்லில் உண்மையான இரக்கம் கூட இருந்தது.

"உங்கட முறை எனக்கு விளங்காது தானே" என்றார் டீச்சர். "சாமி விசயம், நான் எப்படி வற்புறுத்துறது? நேத்து விதுஷா ஏன்னு கேட்டா. அம்மை போட்டதாலதான் மகள், உன்னை கூட்டிட்டுப் போகலன்னு சொன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் தன் சொல்லைத் தானே கேட்டவர் போல நிறுத்தினார்.

கலாராணி வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, உன் முகத்தில் குற்றமில்லை, செய்தி நமக்கு வந்து சேரவில்லை என்றாள். விதுஷா பொறுமையாகக் கேட்டாள். "நீ அம்மா. நீ அப்படித்தான் சொல்லுவ. டீச்சரே அம்மைன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

புதன்கிழமை மலையில் தவமலர் வழக்கம்போல அடுத்த நிரையில் நின்றாள். செய்தி வாசிக்கவில்லை. கலாராணியும் கேட்கவில்லை. இரண்டு பேரின் கைகள் மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தன. பத்து மணித் தேத்தண்ணிக்கு மற்றவர்கள் கீழே இறங்கியபோது, தவமலர் தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி கலாராணியின் கூடையில் போட்டாள். மறுபடி அள்ளப் போனாள்.

"என்னக்கா இது?"

"அன்னிக்கு நீ எடுத்து குடுத்தது."

கலாராணி கூடையில் கையை விட்டு, அந்தக் கொழுந்தை அள்ளித் தவமலரின் கூடையிலேயே திருப்பிப் போட்டாள். ஒரு இலை கூடத் தரையில் சிந்தவில்லை. கொழுந்தைச் சிந்த அந்தக் கைகளுக்குத் தெரியாது.

"கிளினிக்கு எப்படி இருந்துச்சு? மாமியாருக்கு இப்ப நல்லா கண்ணு தெரியுதா?"

தவமலர் தேயிலை வாது ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "அடிச்சிரு கலா. நாலு பேருக்கு முன்னால அடி, வாங்கிக்கிறேன்."

"நீதானேக்கா தண்ணி ஊத்துன?"

"நாந்தான்."

"ஊத்தின கை காயறதுக்குள்ள எப்படிக்கா வாய் வந்துச்சு?"

தவமலர் அழவில்லை. அவள் அழுதிருந்தால் கலாராணிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஒம்மவளுக்கு அடுத்த வருசமும் கெடைக்கும். அதுக்கப்புறமும் கெடைக்கும். அவ வாயில அது இருக்கு. எம்மவ ஒண்ணாம் வகுப்புலருந்து அவளுக்கு பின்னாடியே நிக்கிறா. அந்த டீச்சரு வாய்ஸ நானே கேட்டு, நானே வந்து ஒங்கிட்ட சொல்லி, நானே சிரிச்சு... எத்தன தடவ? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லாம என் வாய்ல வச்சிக்கலாம்னு பாத்தேன். அவ்வளவுதான்."

கீழே கந்தப்பன் கூப்பிட்டார். "என்ன மகாராணிகளா, தேத்தண்ணி ஆறுது. கூடைய ரெண்டும் தனியா பேச விட்டுட்டு வாங்க!" யாரோ சிரித்தார்கள்.

டிலுக்‌ஷி என்ன பிழை செய்தாள் என்று கலாராணிக்குத் தோன்றியது. அந்தப் பிள்ளையும் பாவம்தான். 'பாவம்' என்று தானும் நினைத்ததும் அந்தச் சொல்லையே துப்ப வேண்டும் போல இருந்தது.

"எனக்கு கொழுந்து வேணாம். நீ டீச்சருகிட்ட போக வேணாம், லயத்துல யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன். எம்புள்ள கண்ணாடியே கதின்னு கெடக்குது. நான் சொன்னா நம்பல. நீ வா. வந்து அவ மொகத்தப் பாத்து, 'நான்தான் சொல்லாம விட்டேன், ஒம்மூஞ்சியில ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லு. அத மட்டும் சொல்லு."

தவமலர் பிடித்திருந்த கிளையை விட்டாள். "அவ அதப் போய் டிலுக்‌ஷிகிட்ட சொல்லுவாளே, கலா" என்றாள். "எம்மவ அந்த சேட்டிபிகேட்ட தலமாட்டுல வச்சு தூங்குறா."

"வா" என்றாள் கலாராணி. "நான் கதவ சாத்த மாட்டேன்."

அன்று பின்னேரம் மழை இல்லை. கதவு திறந்தே இருந்தது. வாசலில் செருகிய வேப்பிலை காய்ந்து சுருண்டு, எடுக்க ஆளில்லாமல் அப்படியே தொங்கியது. பீலிக்குப் போகும் வழி அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. வாளி முழங்காலில் இடிக்கிற சத்தம் வந்தது. தவமலரின் செருப்புச் சத்தம் அந்த வாசலில் நின்றது. உள்ளே விதுஷா கண்ணாடியை மடியில் வைத்து, நெற்றித் தழும்பின் மேல் பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள். மழைப் பாட்டு வாயில் இல்லை. கலாராணி அடுப்படியிலிருந்து எழாமல், திரும்பாமல், இடது கையால் ரொட்டியைப் பிடித்தபடி இருந்தாள்.

செருப்புச் சத்தம் நகர்ந்தது. பீலியில் வாளி நிறையும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது செருப்பு அந்த வாசலில் நிற்கவே இல்லை.

போட்டியையும் கூடைக் கொழுந்தையும் கலாராணி விட்டுவிட்டாள். தவமலர் விதுஷாவுக்குத் தர வேண்டியது ஒன்றுதான், உன் முகத்தில் குற்றமில்லை என்ற அந்தச் சொல். அது இன்னும் பாக்கி.