வேகத்தடையில் நின்ற வண்டி

கிடங்கு அதிகாரி குளிக்கப் போகும்போதுகூடச் சாவிக்கொத்தை உள்ளே எடுத்துக்கொண்டுதான் போவார். அன்று காலையும் அப்படித்தான். அவர் மனைவி அடுப்பில் கொதிக்கும் டீயை விட்டுவிட்டு வந்து குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, சர்க்கரை வேணும்."

"எவ்வளவு?"

"டீக்குத்தாங்க."

"இரு, வந்து எடுத்துத் தரேன்."

டீ சுண்டிப்போனது. சர்க்கரை இருந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டு எட்டு வருடம் ஆகிறது. அப்போது வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாள் மீது அவருக்கு ஒரு சந்தேகம். அந்த அம்மாள் நின்றுபோய், ஊரைவிட்டே போயாகிவிட்டது. பூட்டு மட்டும் போகவில்லை.

மனிதர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குடி கிடையாது, கைநீட்ட மாட்டார், மனைவியிடம் குரலை உயர்த்திப் பேசியதுகூட இல்லை. வியாதி ஒன்றே ஒன்றுதான், யாரையும் நம்ப மாட்டார். ஆபீஸ் கிடங்கில் புதுப் பென்சில் வேண்டுமென்றால் பழைய பென்சிலின் கடைசித் துண்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சாவிக்கொத்து' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் காலையில் டீயைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மகள் பிறந்தபோது விட்ட கணக்கு டீச்சர் வேலைக்கு, மனைவி மறுபடி விண்ணப்பித்திருந்தாள். வேலையும் கிடைத்துவிட்டது. அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இரண்டு முறை கிளம்பிப் போனார்கள். இரண்டு முறையும் கார் நடுவழியில் நின்று, இவர்கள் போய்ச் சேருவதற்குள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இன்று பதினொரு மணிக்குள் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"நான் பஸ்ல போயிடறேனே" என்றாள்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு பஸ்லயா? விளையாடறியா?"

பேச்சு அதோடு முடிந்தது. சான்றிதழ்களைத் தம் கையாலேயே பீரோவிலிருந்து எடுத்து, பெட்டியில் வைத்து, பெட்டியையும் பூட்டினார்.

கார் ஏன் நிற்கிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இன்ஜின் அணைந்துபோகும். நான்கு முறை மெக்கானிக்கிடம் விட்டாகிவிட்டது. அவர் பெட்ரோல் பில்டரை மாற்றினார், பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார், ஒயர் ஒயராக அசைத்தும் பார்த்தார். அவர் ஓட்டினால் வண்டி நிற்பதே இல்லை. நம் ஆள் வாங்கிக்கொண்டு வந்தால் மறுநாளே நிற்கும். மெக்கானிக் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்று நம் ஆள் முடிவே கட்டிவிட்டார். உள்ளே இருக்கும் பாகங்களை மாற்றிவிடக் கூடாதே என்று, மனைவியின் நகப்பூச்சை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பொட்டு வைத்து அனுப்பினார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"வண்டிக்கு அம்மை போட்டிருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று போகும் வழியில் பட்டறையில் நிறுத்தினார்கள். மெக்கானிக் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"போன தடவை நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தேன் சார். ஒரு இருமல் இல்ல, விக்கல் இல்ல."

"என்கிட்ட வந்தா நிக்குதே. அதுக்கு என்ன சொல்றீங்க?" கிடங்கு அதிகாரி ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். வண்டி நின்ற தேதி, இடம், நேரம் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தார். இப்படிப்பட்ட நோட்டை மெக்கானிக் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"மூணாந்தேதி வேகத்தடை. ஏழாந்தேதி தண்டவாளம். பன்னெண்டாந்தேதி மறுபடி வேகத்தடை. எல்லாம் வண்டி குலுங்கற இடமாவே இருக்கே சார். ஒண்ணு பண்ணுவோம். என்கிட்ட நிக்கல, உங்ககிட்ட நிக்குது. நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வரேன்."

மணி பத்தே கால். மனைவி பின்சீட்டுக்கு மாறினாள். கார் சமர்த்தாகத்தான் போனது. பெரிய சாலையில் முதல் வேகத்தடை வந்தது. சக்கரம் ஏறி இறங்கியது. இன்ஜின் பொசுக்கென்று அணைந்தது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு, ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, நம் ஆளின் பரம்பரையையே விசாரித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

கிடங்கு அதிகாரி மறுபடி கிளப்பச் சாவிக்குக் கையை நீட்டினார். மெக்கானிக்கின் கண் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்தது. அங்கே கார்ச் சாவியோடு சேர்ந்து தொங்கிய கொத்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"சாவியத் தொடாதீங்க சார். அப்படியே இருங்க."

குனிந்து பார்த்தார். சாவி ஒரு படி பின்னால் திரும்பியிருந்தது. காரை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொன்னார். இன்ஜின் ஓடியது. கொத்தை ஒரு விரலால் கீழே இழுத்தார். அணைந்தது. இன்னொரு தடவை கிளப்பி இழுத்தார். மறுபடியும் அணைந்தது.

"வண்டிக்கு ஒரு நோயும் இல்ல சார். இந்தக் கனம் தொங்கித் தொங்கி சாவி போடற சுவிட்சு தேஞ்சுபோச்சு. வண்டி குலுங்கினா கொத்து ஆடுது, ஆடினா சாவி திரும்புது, இன்ஜின் அணையுது. ஆமா, என்கிட்ட நாலு தடவை வண்டிய விட்டீங்களே, அப்ப இந்தக் கொத்து எங்க போச்சு?"

கிடங்கு அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கழட்டிட்டு வெறும் கார்ச் சாவியத்தான் தந்திருப்பாரு" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "உங்கள நம்பிக் கொத்தக் குடுப்பாரா?"

மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. கொத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "அரைக் கிலோ இருக்கும்போல. இது எதோட சாவி சார்?"

பதில் பின்சீட்டிலிருந்தே வந்தது. "சர்க்கரை அலமாரி."

"இது?"

"இன்டர்நெட் மோடம் இருக்கற பெட்டி. பொண்ணுக்குப் பரீட்சைன்னு பூட்டினாரு. பரீட்சை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

"இந்த நீளச் சாவி?"

"என் பீரோ. என் சர்டிபிகேட்டெல்லாம் அதுலதான் இருந்துச்சு."

"உங்க பீரோ சாவியா?" என்று கேட்டுவிட்டு, மெக்கானிக் மேற்கொண்டு கிண்டாமல் துருப்பிடித்த ஒரு பெரிய சாவியைத் தூக்கிக் காட்டினார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கிடங்கு அதிகாரியே முந்திக்கொண்டார். "அது... பழைய வாடகை வீட்டு கேட்."

"காலி பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

"ஒன்பது வருஷம்."

மெக்கானிக் ரொம்பப் பாடுபட்டுச் சிரிப்பை அடக்கினார். கார்ச் சாவியை மட்டும் கழற்றி மறுபடி வண்டியில் போட்டார். மிச்சக் கொத்தை என்ன செய்வது? நம் ஆள் கால்சட்டைப் பையில் திணித்துப் பார்த்தார், உட்கார்ந்தால் தொடையில் குத்தியது. மெக்கானிக்கிடம் கொடுக்க மனசு வரவில்லை. மணியோ பத்து நாற்பது. வேறு வழியில்லாமல் பின்னால் கையை நீட்டினார். அவள் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான்கு வேகத்தடை, ஒரு தண்டவாளம். கார் ஒரு இடத்தில்கூட முரண்டு பிடிக்கவில்லை.

பள்ளிக்கூட அலுவலகத்துக்குள் நுழையும்போது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. குமாஸ்தா அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் குடுங்க" என்றார். கிடங்கு அதிகாரி பெட்டியை மேஜை மேல் வைத்தார். கை பழக்கத்தில் பைக்குப் போனது. பை காலி. வலது பை, இடது பை, சட்டைப் பை என்று தடவிக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். இருபத்துமூன்று சாவிகளில் சரியான ஒன்றை, தேடாமல் கொள்ளாமல் இரண்டு விரலால் எடுத்தாள். பெட்டி ஒரே திருப்பில் திறந்தது.

"எப்படித் தெரியும் உனக்கு?" என்றார் மெதுவாக.

"எல்லாச் சாவியும் தெரியும். தெனமும் ராத்திரி உங்க தலைமாட்டுலதானே கிடக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. எல்லாம் தெரிந்திருந்தும் ஒருநாள்கூட அவள் எடுக்கவில்லை. எடுக்காதவளுக்குத்தான் இத்தனை வருடம் பூட்டு. சர்க்கரைக்காகக் குளியலறை வாசலில் அவள் நின்ற நிற்பு கண்முன் வந்தது. வெட்கமாக இருந்தது.

குமாஸ்தா அம்மாள் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தந்தார். "மறுபடி எப்பக் கேட்டாலும் கொண்டு வரணும். இதெல்லாம் யார் பொறுப்புல இருக்கும்?"

அவள் வழக்கம்போலக் கணவரைப் பார்த்தாள். அவர் அவளிடமிருந்து கொத்தை வாங்கினார். நீளச் சாவியை வளையத்திலிருந்து கழற்ற முயன்றார். வளையம் விடவில்லை, நகம் பெயர்ந்தது. உதறிக்கொண்டே மறுபடி முயன்று, கழற்றி அவள் கையில் வைத்தார்.

"இவங்க பொறுப்புலதான்" என்றார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே மெக்கானிக் காரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.

"சாயங்காலம் வாங்க சார், சுவிட்ச மாத்திடலாம். ஆனா கொத்த மறுபடி மாட்டினீங்கன்னா புதுசும் தேஞ்சுதான் போகும்."

"மாட்ட மாட்டேன்." கிடங்கு அதிகாரி கொத்தைக் கையில் தூக்கிக் காட்டினார். "பூட்டெல்லாம் வெளியிலேர்ந்து வர்ற திருடனுக்குங்க. கூட இருக்கறவங்களையே நம்பாம பூட்டிப் பூட்டி வச்சா, அது வீடு இல்ல, கிடங்கு. நான் கிடங்கதான் நடத்திட்டிருந்திருக்கேன், ரெண்டு இடத்துலயும்."

மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பீரோ சாவியைக் கைப்பையில் பத்திரமாக வைத்துவிட்டு, மறுபடி கையை நீட்டினாள்.

"என்ன?" என்றார்.

"சர்க்கரை சாவி. நாளைலேர்ந்து நான் வேலைக்குப் போகணும். நீங்க குளிச்சு முடிக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியாது."