மஞ்சள் தாளில் வஞ்சம்

தெமியோ சாரை எப்படிச் சாகடிப்பது என்று ஃபெலிசா மூன்று வாரம் யோசித்தாள். கத்தி, விஷம், மாடிப்படி என்று எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பதினொரு வருடம் காதல் கதை எழுதிய கைக்கு அதெல்லாம் சரிப்படவில்லை. கடைசியில், ஆளை உயிரோடு விட்டுவைத்து நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவதுதான் மேல் என்று முடிவு செய்தாள்.

தெமியோ சார் ஆசிரியராக இருந்த பதிப்பகம் குபாவோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. கையடக்கக் காதல் நாவல்கள் போடுவார்கள். நூற்றிருபத்தெட்டுப் பக்கம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஐந்தாம் பக்கத்துக்குள் நாயகன் வந்துவிட வேண்டும். நாற்பதில் முதல் முத்தம். கடைசிப் பக்கத்தில் தேவாலயம், வெள்ளை கவுன், மாமியார் கண்ணீர். அங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் கல்யாணத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். போய்ச் சேருமிடம் தெரிந்துவிட்டால் நடுவில் எத்தனை பக்கம் நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போடுவது சுலபம்.

இப்படித் தொண்ணூற்றாறு கல்யாணம் செய்துவைத்திருந்தாள் ஃபெலிசா மனலஸ்தாஸ். அட்டையில் அவள் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. வனேஸா மொந்தில்யா என்று போட்டிருக்கும். அந்தப் பெயரைக் கொடுத்தவர் தெமியோ சார்.

தொண்ணூற்றேழாவது நாவலில் கை தவறிவிட்டது. கல்யாணப் பெண் தேவாலய வாசல் வரை வந்து, பூச்செண்டைத் தன் சித்தியிடம் கொடுத்துவிட்டு, பாகியோ போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஃபெலிசா திட்டமிட்டுச் செய்ததில்லை. பெண் ஏறிவிட்டாள், அவ்வளவுதான். அதை எழுதிய காலையில் ஃபெலிசாவுக்கு உள்ளங்கை வியர்த்தது. அப்படி வியர்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

தெமியோ சார் சிவப்புப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டார்.

"என்ன ஃபெலிசா இது? பொண்ணு பஸ் ஏறிப் போயிட்டாளா?"

"ஆமா சார். அவளுக்குக் கல்யாணம் வேண்டாமாம்."

"அவளுக்கு வேண்டாமா, உனக்கு வேண்டாமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இறக்கிக் கூட்டிட்டு வா."

"மாட்டேன் சார். வனேஸா இத்தனை வருஷம் சொன்ன பேச்சு கேட்டா. ஒரு தடவை அவ இஷ்டத்துக்கு விடுங்க."

அவர் சிரித்தார். வழுக்கையை மறைத்திருந்த நாலு முடியை விரலால் ஒருமுறை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"வனேஸா நீயில்லம்மா. அவ கம்பெனியோடவ. நீ எந்திரிச்சா அந்த நாற்காலியில இன்னொருத்தி உக்காரப் போறா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஃபெலிசா எழுந்தாள். அடுத்த மாதமே நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

ஃபெலிசாவின் தெருமுனையில் பசிங் அக்காவின் பெட்டிக்கடை. ஷாம்பு பொட்டலங்களுக்கு மேலே கயிறு கட்டி, துணி கிளிப்பில் நாவல்களைத் தொங்கவிட்டு வாடகைக்குக் கொடுப்பாள். ஃபெலிசாதான் வனேஸா என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் அவள். சண்டை நடந்த விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியாது. புது வனேஸா வந்து தொங்கிய அன்று, ஃபெலிசா சோடா வாங்கப் போனபோது, கம்பித் தடுப்புக்குள்ளிருந்து பசிங் அக்கா வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"படிச்சுட்டேன்டி. போன நாலைஞ்சு ஒரே இழுவையா இருந்துச்சு, நான் உன் மனசு நோகுமேன்னு சொல்லல. இது பாரு, பழைய வனேஸா திரும்பி வந்துட்டா."

ஃபெலிசா சோடா வாங்காமலே திரும்பினாள். தெமியோ சார் வேலையைப் பிடுங்கியதை அவள் மறந்தாலும் மறந்திருப்பாள். இந்தப் பாராட்டை மறக்க முடியவில்லை. கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் அந்த நாலு முடியை நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் கடைசியில் லூடி வந்தாள். பதிப்பகத்தில் பிழை திருத்துகிற பெண். ஃபெலிசாவிடம் பாசம், தெமியோ சாரிடம் பயம்.

"அக்கா, கிறிஸ்துமஸ் சீட்டு குலுக்கிட்டாங்க. எனக்கு யாரு வந்திருக்கு சொல்லு? அந்த மனுஷனேதான். நாலு வெள்ளிக்கிழமை அந்த ஆளு மேசையில ரகசியமா பரிசு வைக்கணும். முதல் வாரம் நீளமான ஒண்ணாம், அப்புறம் மெத்துனு ஒண்ணு, சூடா ஒண்ணு, குறும்பா ஒண்ணு. எனக்கு ஒண்ணும் தோணல."

வருடா வருடம் நடப்பதுதான். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது கடைசி நாள் விருந்து வரை ரகசியம். அன்று ஒவ்வொருவராக எழுந்து நின்று, கொடுத்தது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், கடைசிப் பரிசையும் அப்போது கொடுக்க வேண்டும். ஃபெலிசாவின் கை தட்டச்சு விசையிலேயே நின்றுவிட்டது.

"லூடி, அந்தச் சீட்டை எனக்குக் குடு."

"எதுக்கு?"

"நீளமா ஒண்ணு வேணும்ல? நான் தரேன்."

அன்றே கடைக்குப் போய் மஞ்சள் தாள் கட்டு நாலு வாங்கினாள். பழக்கம் விடவில்லை, முடிவைத்தான் முதலில் எழுதினாள். அதில் டான் ப்ரூதென்சியோ என்ற சேவல் பண்ணைக்காரன், ஊர்த் திருவிழா விருந்தில், ஊரே பார்க்க, திருடன் என்று அம்பலப்பட்டு, மேயரின் காலில் விழுந்து, பன்றி வறுவல் தட்டில் முகம் குப்புற விழுகிறான். அவன் தலையில் நாலு முடி. யாருக்குக் குழி பறித்தாலும் "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பான். ஏழைப் பெண் சபெல் குஞ்சிலிருந்து வளர்க்கும் சேவல்களைத் திருடி, புதுப் பெயர் வைத்து, தன் சேவல் என்று சண்டைக் களத்தில் இறக்குவான். விருந்தன்று இந்த மூன்று பக்கத்தைத் தெமியோ சாரின் முகத்துக்கு நேராக வாசித்துவிட்டு வர வேண்டும். அதற்கு முன்னால் வரும் அத்தியாயங்கள் வாரம் ஒன்றாகப் பரிசாகப் போக வேண்டும். அதுதான் திட்டம்.

முதல் அத்தியாயம் நீளமாகப் போயிற்று. தாள்களை நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டி, சுருட்டி, நாடா கட்டிக் கொடுத்தனுப்பினாள். அடியில் கார்பன் வைத்து எழுதியதால் அவளிடம் ஒரு பிரதி இருந்தது. சனிக்கிழமை லூடி ஓடி வந்தாள்.

"அக்கா, அந்த ஆளு அதை எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினாரு. நாலு முடி வர்ற இடத்துல கணக்குப் பிரிவே மேசைக்கடியில தலைய விட்டுக்கிச்சு. அச்சு கோக்கிறவருக்குப் புரையேறி வெளிய கூட்டிட்டுப் போனாங்க."

"அவரு முகம் எப்படி இருந்துச்சு?"

"அவரா? 'யாரோ என் மச்சானை நல்லாத் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க, அச்சு அசல் அவனேதான்'னு தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு."

ஃபெலிசாவுக்கு மூக்கறுபட்டது போலிருந்தது. குத்திய கத்தி தோலில்கூட இறங்கவில்லை. சரி, இன்னும் ஆழமாகக் குத்துகிறேன் பார் என்று மறுநாள் காலை ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். அந்த ஆளுக்கு அது தான்தான் என்று புரிய வேண்டுமானால் மேலோட்டமாக நாலு முடியையும் ஒரு வசனத்தையும் ஒட்டவைத்தால் போதாது, உள்ளே போக வேண்டும் என்று தோன்றியது. டான் தனியாக இருக்கும்போது என்ன செய்வான்? விடியலில், யாரும் எழுமுன், கொல்லையில் நின்று சேவல்களிடம் என்ன பேசுவான்?

பேசவிட்டாள். அவன் பேசிக்கொண்டே போனான். சின்ன வயதில் அவனே வளர்த்து, அவனே பெயர் வைத்து, முதல் சண்டையிலேயே செத்துப்போன ஒரு சேவலின் கால் முள்ளைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தான். அதற்குப் பிறகு அவன் எந்தக் குஞ்சையும் வளர்த்ததில்லை. அந்தத் தீப்பெட்டி எங்கிருந்து வந்தது என்று ஃபெலிசாவுக்குத் தெரியாது. தெமியோ சாரிடம் அப்படி எதுவும் இருந்ததாக நினைவில்லை. அவள் அவனுக்கு இரக்கம் காட்டவில்லை, அடுத்த பக்கத்திலேயே சபெலின் சிறந்த சேவலை அவன் திருடத்தான் செய்தான். ஆனால் இப்போது திருடியது ஒரு மனிதன்.

அடுப்பில் சோறு தீய்ந்த வாசனை வந்தபோதுதான், தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. பக்க எண் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. நாயகன் என்று ஒருவன் இன்னும் வரவில்லை. முத்தமும் இல்லை. கேட்க ஆளும் இல்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தீய்ந்தது தீய்ந்தபடி இருக்க, மறுபடி வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் யாருக்கும் காட்டாமல் எழுதிய நாட்களுக்குப் பிறகு இந்த சந்தோஷம் அவளுக்கு வந்ததே இல்லை. தொண்ணூற்றாறு புத்தகத்தில் ஒன்றில்கூட இல்லை. அதை நினைத்ததும் தெமியோ சார் மேல் கோபம் இன்னும் ஒரு பங்கு ஏறியது. பேரை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் போகட்டும் என்று விடலாம். இதையல்லவா பதினொரு வருடம் மறக்கடித்திருந்தான்.

அடுத்த வெள்ளி, தாள்களைப் புதுப் பூத்துண்டில் சுற்றி மெத்தென்று அனுப்பினாள். அதற்கடுத்தது, சூடான பச்சரிசிப் பலகாரத்தோடு ஒரே வாழையிலையில் போயிற்று. குறும்பான வாரத்தில் டானின் மனைவி அவனுடைய சட்டைகளையெல்லாம் சேவல்களுக்குப் படுக்கையாக விரித்தாள். தெமியோ சார் வியாழக்கிழமையே எல்லாரிடமும், "நாளைக்கு வந்துடும்ல?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

"இப்பல்லாம் சத்தமா படிக்கிறதில்லக்கா," என்றாள் லூடி. "கதவைச் சாத்திக்கிட்டு தனியா படிக்கிறாரு. தீப்பெட்டி வந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சாராம்."

விருந்து நாள். மாடியில் இனிப்பு ஸ்பகெட்டியும் பன்சித் நூடுல்ஸும் பரப்பியிருந்தார்கள், ஓரத்தில் பாட்டு மெஷினில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். லூடி எழுந்து நின்று, "சீட்டு எனக்கு வந்துச்சு, ஆனா பரிசு அனுப்பினவங்க இவங்க," என்று கதவைக் காட்டினாள். ஃபெலிசா தோள்பையோடு உள்ளே வந்தாள். பாட்டு நின்றது.

தெமியோ சார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"நீயா! எனக்குத் தெரியும்மா, மனசுக்குள்ள பட்சி சொல்லிச்சு. சரி, பழசெல்லாம் விடு. இதை நாம போடறோம். வனேஸா மொந்தில்யாவோட மிகப் பெரிய நாவல்னு போடறோம். சபெலுக்கு மட்டும் ஒரு மாப்பிள்ளையைப் பாத்துடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கணக்குப் பிரிவில் யாரோ கிளுக்கென்று சிரித்து, இருமி மறைத்தார்கள். டான் யார் என்று அறையில் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் மானம் போய் நாலு வாரம் ஆகியிருந்தது, அவருக்குத்தான் தகவல் வரவில்லை.

ஃபெலிசாவின் கை பைக்குள் அந்த மூன்று பக்கத்தைத் தொட்டது. எடுத்து வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

"கடைசி அத்தியாயம் அதுலதான இருக்கு?" என்றார் தெமியோ சார். குரல் தணிந்திருந்தது. "அந்த டான் என்ன ஆறான்? பிடிபட்டுடறானா? தீப்பெட்டியை யாராவது பாத்துடறாங்களா?"

அவள் அவரைப் பார்த்தாள். காதில் சிவப்புப் பென்சில் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. பசிங் அக்காவின் கடை வாசலில், அடுத்த புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டு நிற்கிற பெண்களின் முகம் அது. எல்லாப் புத்தகத்துக்கும் முடிவு சொல்லிக்கொண்டிருந்த ஆள், இப்போது ஒரு முடிவுக்காகக் கையேந்தி நின்றுகொண்டிருந்தார். எங்கே குத்தினால் இறங்கும் என்று ஃபெலிசாவுக்கு அப்போது தெரிந்தது.

பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"குடுத்த நாலும் உங்களுக்கே சார். திருப்பித் தர வேண்டாம். கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்."

"ஏய், இரு இரு. கடைசிது?"

"அது பரிசுல இல்ல."

"சரி, போட வேண்டாம். கல்யாணமும் வேண்டாம். உன் பேர்லயே போடறேன், போதுமா? அவன் என்ன ஆறான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

ஃபெலிசா கதவருகே நின்று திரும்பினாள்.

"வனேஸாவைக் கேளுங்க சார். அவ கம்பெனியோடவதானே."

எல்லார் தலையும் மூலையில் உட்கார்ந்திருந்த புது வனேஸா பக்கம் திரும்பியது. அந்தப் பெண் தன் தட்டிலிருந்த ஸ்பகெட்டியையே உற்றுப் பார்த்தாள். படியிறங்கும்போது தெமியோ சார் பின்னாலேயே இரண்டு படி வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பதினொரு வருடத்தில் அவர் இவ்வளவு மரியாதையாக அதைச் சொன்னதில்லை. ஃபெலிசாவுக்கு அது கரும்பாக இனித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப்னி வண்டியில் கடைசிப் பயணியாக இடித்துப் பிடித்து உட்கார்ந்து, மூன்று பக்கத்தையும் எடுத்துப் படித்தாள். மேயர் கால், பன்றி வறுவல், குப்புற விழுந்த முகம். மட்டமாக இருந்தது. தீப்பெட்டிக்காரன் இப்படி விழமாட்டான். தாளைத் திருப்பி, மடியில் பையை வைத்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். வண்டி குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று, உள்ளங்கை வியர்த்தது. டான் ப்ரூதென்சியோ என்ன ஆவான் என்று அவளுக்கும் தெரியாது. தெரிய வரும்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.