பக்கத்துக் கட்டத்தில் ஒரு ஏவலாள்

என் தம்பி கிளாட்சன் தங்கமான பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. திருப்பனந்தாள் பக்கம் எங்கள் ஊரில் அப்படிச் சொல்லாத ஆளே கிடையாது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், மாதா கோயிலில் கிட்டார் வாசிப்பான், வேறென்ன வேண்டும்? வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருக்கிறானா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் வங்கிகள் விழுந்த வருஷம், சென்னைக் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரு சூட்கேஸும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியுமாக வந்து இறங்கினான். அதற்குச் சில மாதம் முன்னால்தான் அப்பா நாற்றங்காலிலேயே விழுந்திருந்தார். அப்பா பெரியநாயகசாமி வரப்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த ஊர் திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்டவர் வலது பக்கம் மொத்தமும் செயலிழந்து, வாய் கோணி, 'ம்' என்கிற ஒரே சத்தத்தோடு கூடத்துக் கட்டிலில் கிடந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். அங்கே டியூட்டி முடித்து பஸ் பிடித்து வந்தால் வீட்டில் அடுத்த டியூட்டி. அப்பாவைத் துடைக்க வேண்டும், கஞ்சி புகட்ட வேண்டும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.

கிளாட்சன் என்ன செய்தான்? அட்டைப்பெட்டியைப் பிரித்தான்.

உள்ளே கட்டம் போட்ட ஒரு மைதானமும் விரல் உயரப் பொம்மைகளும் இருந்தன. கால்பந்து மாதிரி ஒரு விளையாட்டு, ஆனால் அடிதடியோடு. பந்தை எடுத்து எதிராளியின் கோட்டைத் தாண்டினால் புள்ளி. நடுவில் யாரையும் அடிக்கலாம், தள்ளலாம், சாகடிக்கலாம். சென்னையில் அறைத் தோழர்களோடு ஆடிப் பழகியிருந்தான். பெங்களூரில் வருஷா வருஷம் போட்டி நடக்குமாம். அதில் ஜெயிக்கிற மாதிரி ஒரு அணியை வளர்த்து எடுக்கப் போகிறேன் என்றான். அவனுடைய அணி வாம்பயர் அணி. அம்மா ஒரு பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரத்தக்காட்டேரியையா மாதா படத்துக்கு நேரா வெச்சிருக்க?" என்று ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தாள்.

எதிரில் ஆட ஆள் வேண்டுமே. டியூட்டி முடித்து வந்த என்னை உட்கார வைத்தான். எனக்குக் குள்ளர்கள் அணி. மெதுவாக நடக்கும், சீக்கிரத்தில் விழாத ஜன்மங்கள். என் ராசிக்குப் பொருத்தம்தான்.

வாம்பயர் அணியைக் கட்டுவதே ஒரு கணக்கு. வாம்பயர் விலை அதிகம், நாலைத்தான் எடுக்க முடிந்தது. மிச்ச இடத்தை எல்லாம் மலிவான ஏவலாட்களால் நிரப்பினான். வாம்பயர் காற்று மாதிரி ஓடும், யாரையும் தூக்கி அடிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை நகர்வதற்கு முன்னாலும் அதற்காகப் பகடை போட வேண்டும். ஒன்று விழுந்தால் அதற்குத் தாகம் வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் தன் ஏவலாளையே கடித்து ரத்தம் குடித்தால்தான் மேற்கொண்டு ஆடும். பக்கத்தில் ஏவலாள் இல்லையென்றால் மைதானத்தை விட்டு வெளியே போய்விடும், ரசிகர் கூட்டத்தில் யாரையாவது கடிக்க.

அதனால் ஏவலாள் ஆடுவதற்கு இல்லை, பக்கத்தில் நிற்பதற்கு.

வாம்பயர் கேப்டனுக்குத் தன் பேரையே வைத்தான். மற்ற மூன்றுக்கும் சென்னைத் தோழர்கள் பேர். ஏவலாட்களுக்கு எங்கள் பேர். ஒருத்தி ஃபிளோரா, அது நான். ஒருத்தி அக்னஸ், அம்மா. ஒருத்தன் சகாயராஜ், அவனுக்குக் காலேஜ் சீட்டு வாங்கித் தரத் தன் வயலை விற்ற எங்கள் மாமா. தெரிந்த பேராக இருந்தால் ஞாபகம் இருக்குமாம். அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு வாயெல்லாம் பல். பிள்ளை தன் பேரில் ஒரு பொம்மை வைத்திருக்கிறானே! அந்தப் பொம்மை எதற்கு என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சாயந்திரம் சாயந்திரம் என்னைக் கடித்தான். "அக்கா, இந்தத் தடவை நீதான்" என்று சிரித்துக்கொண்டே ஃபிளோராவை எடுத்துப் பெட்டியில் போடுவான். என் நகப்பாலிஷை எடுத்து வாம்பயர்களின் வாயில் சிவப்பு வைத்தான். செத்த ஃபிளோரா அடுத்த ஆட்டத்தில் அதே பேரோடு எழுந்து நிற்பாள். மலிவுதானே, புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்துக்கு ஆட்டம் அணி வளர்ந்தது. புள்ளி எடுக்கிற ஆட்டக்காரனுக்கு அனுபவம் ஏறும், அனுபவம் ஏறினால் புதுத் திறமை கிடைக்கும். கேப்டன் கிளாட்சனுக்குப் பந்து கை நழுவாது, அடிபட்டால் தானே எழுந்துகொள்வான், குறுக்கே நிற்கிறவனைத் தாண்டிக் குதிப்பான். ஏவலாட்கள் முதல் நாள் நின்ற மாதிரியே நின்றார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏவலாள் பந்தோடு நின்றால்கூட அதைப் பிடுங்கி வாம்பயர் கையில் கொடுத்துத்தான் புள்ளி எடுப்பான். ஏண்டா, அவளும் ஒரு தடவை போட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஏவலாள் முழுசா வளந்தா வாம்பயராயிடும்க்கா. அப்புறம் யாரைக் கடிக்கிறது?" என்றான்.

நான் அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றப் போய்விட்டேன்.

அந்த மாசம்தான் குவைத் வேலைக்கு நான் தேர்வானேன். அரசாங்க மருத்துவமனை, ரெண்டு வருஷ ஒப்பந்தம். சென்னைக்குப் போய் இன்டர்வியூ கொடுத்ததைக்கூட வீட்டில் சொல்லியிருக்கவில்லை. சொன்ன அன்றைக்கே கிளாட்சனும் சொன்னான், தனக்கும் பெங்களூரில் ஒரு வேலை அமையப் போகிறது என்று. அம்மா ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். ஒருத்தர் இருந்துதான் ஆக வேண்டும், அப்பாவின் கனத்தை அவளால் தனியாகப் புரட்ட முடியாது. யார் என்று கேள்வியே எழவில்லை. நர்ஸ் படித்தவள் நானாயிற்றே. ஆம்பிளைப் பிள்ளை பீத்துணி அலசுவானா என்று சகாயராஜ் மாமா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டைப்பெட்டியை வாய்க்காலில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இவ்வளவு நாளாக அந்த அணியை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆடிப் பார்க்கலாம் என்றேன். நான் ஜெயித்தால் நான் குவைத் போகிறேன், திரும்பி வரும்வரை அவன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் ஜெயித்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். கிளாட்சன் சிரித்தான். அவன் என்னிடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. அம்மா திட்டுவாள் என்று பார்த்தேன். அவளோ ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள், ஆண்டவர் சித்தம் அதிலே தெரியும் என்றாள். எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கே நடக்கும் இந்தக் கூத்து? மாதா படத்தைத் தொட்டு ரெண்டு பேரும் சத்தியம் செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே பலகையை விரித்தோம். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

வாம்பயர்களை நான் தொடவே இல்லை. அதுதான் அவன் எதிர்பார்க்காதது. என் குள்ளர்கள் ஏவலாட்களை மட்டும் தேடித் தேடி அடித்தார்கள். சகாயராஜ் முதலில் போனார். ஃபிளோராவை நானே மிதித்துத் தள்ளினேன், துளி வருத்தம் இல்லை. தாகம் வந்த ரெண்டு வாம்பயர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் மைதானத்தை விட்டு வெளியேறின. கிளாட்சனுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

கடைசிச் சுற்று. நான் ஒரு புள்ளி முன்னால் இருந்தேன். அவன் ஒன்று போட்டால் சமன். சமனானால் கூடுதல் ஆட்டம், அதில் என் மெதுநடைக் குள்ளர்கள் தாங்க மாட்டார்கள். கேப்டன் பந்தோடு கோட்டுக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றான். தாகம் வந்தாலும் கவலையில்லை, பக்கத்துக் கட்டத்தில் ஒரே ஒரு ஏவலாள் மிச்சம் இருந்தாள், அக்னஸ். அவளைக் கடித்துவிட்டு ஓடிவிடலாம்.

என் முறை. ஒரு குள்ளனை நகர்த்தி அக்னஸைப் பலகைக்கு வெளியே தள்ளினேன். வெளியே விழுந்தவரை ரசிகர் கூட்டம் அடிக்கும். அதற்கும் பகடை போட வேண்டும். போட்டேன். செத்துப்போனாள்.

"யாருடி அது?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரோ ஒரு ஏவலாள்மா" என்றேன்.

கிளாட்சன் என்னைப் பார்த்தான். ராசிக்காக என்று சொல்லிப் பகடையை அப்பாவின் இடது கையில் வைத்தான், அது ஒன்றுதான் அவருக்கு நல்ல கை. அப்பா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். விரல் பிரிந்தது. ஒன்று விழுந்தது. கேப்டன் கிளாட்சன் பந்தைப் போட்டுவிட்டு மைதானத்தை விட்டுப் போனான்.

நான் குவைத் போனேன். திருச்சி விமான நிலையம்வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். பொய் சொல்ல மாட்டேன், முதல் ஆறு மாசம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான், இல்லை, பார்த்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். சம்பா அறுவடை முடிந்ததும் பெங்களூருக்கு வண்டி ஏறிவிட்டான். போனில் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தேன். சத்தியம் என்னடா ஆச்சு என்றேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"பக்கத்துல ஏவலாள் இல்லன்னா வாம்பயர் கிரவுண்டை விட்டுப் போயிடும்க்கா. நீதானே ஆடிக் காமிச்ச?"

அப்புறம் எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மாமா கூப்பிட்டார், பங்குச் சாமியார்கூட கூப்பிட்டார். அவனை யாரும் கூப்பிடவில்லை. ஒப்பந்தத்தை முறித்துவிட்டுப் போயிருக்கலாம், முடியாத காரியம் இல்லை. போகவில்லை. ஏன் போக வேண்டும்? ஒவ்வொரு தடவையும் நான்தானா? இங்கே என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள், என் கட்டிலில் நான் மட்டும் தூங்குகிறேன். அப்பாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது என்று கேட்டபோது மருந்துப் பேரைச் சொன்னேன். எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தால் கனம் குறைந்துவிடுமா? அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அமிர்தம் எப்போதாவது வந்து ஒரு கை கொடுக்கிறாளாம்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவே போன் செய்தாள். எப்போது வருகிறாய் என்று கேட்பாள், என்ன காரணம் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. தம்பி வந்து அந்த அட்டைப்பெட்டியை எடுத்துப்போனான் என்றாள். போட்டியில் ஆடப் போகிறானாம். புது ஏவலாட்கள் வாங்கிவிட்டானாம்.

"போறப்ப ஒண்ணு சொன்னான்டி. அன்னிக்குக் கடைசியா நீ வெளிய தள்ளுனியே, அது நானாமே?"

அந்தப் பக்கம் அப்பாவின் 'ம்' கேட்டது. இன்னொரு தரம் கேட்டது.

"சரி, அப்பாவைப் புரட்டணும். வெச்சிடறேன்" என்றாள் அம்மா.